தொமுஸ்: ‘வீடு’ என்று மட்டும் படித்தால் எங்கே இடறும்?

(இணைய மன்றம் ஒன்றில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் பேசுபவரின் புனைபெயர்.)

ஓலைநறுக்கு:

வணக்கம். இலத்தீன் ‘தொமுஸ்’ என்ற ஒரே சொல்லில் மூன்று இடத்தில் கணக்கு உதைக்கிறது.

ஒன்று: ‘உஸ்’ என முடிகிறது. அப்படி முடிபவை ஆண்பால் என்றுதான் தொடக்கப் பாடம். இது பெண்பாலாம். ஏன்?

இரண்டு: நான்காம் வாய்பாட்டில் (இலத்தீன் பெயர்களை வேற்றுமை ஈறுகளின்படி பிரித்த ஐந்து வகைகளில் ஒன்று) போட்டிருக்கிறார்கள். ஆனால் ‘தொமோ’, ‘தொமோஸ்’ என்ற வடிவங்கள் இரண்டாம் வாய்பாட்டுக்காரர்களுடையவை.

மூன்று: ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பது ‘தொமும் எஓ’. ‘வீட்டில் இருக்கிறேன்’ என்பது ‘தொமீ ஸும்’. மற்றப் பெயர்களுக்கு முன்னால் வரும் ‘அத்’ (நோக்கி), ‘இன்’ (உள்ளே) முதலிய முன்னிடைச்சொற்கள் இங்கே எங்கே போயின?

கூடவே ஒரு நடைமுறைக் கேள்வி. வாசல் பெயர்ப்பலகைக்கு ‘துல்கெ தொமுஸ்’ (இனிய வீடு) என்று எழுதினால் சரியா?

வாய்பாடு:

முதலில் எழுத்துக்கூட்டல். இலத்தீனில் இச்சொல்லின் முதல் ஒலி நா பல்லில் படுவது. ‘பந்து’வில் கேட்கும் த, ‘டாக்டர்’ ட அல்ல. முதல் உயிர் குறில். ஆகவே ‘தொமுஸ்’ என்றே எழுதுகிறோம். ‘டோமஸ்’ என்பது ஆங்கிலவழி வந்த உச்சரிப்பு. குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலேயே காட்டுவதில் தமிழ் ரோமன் எழுத்தைவிடக் கைகொடுக்கும். கீழே அது தேவைப்படும்.

பால். ‘உஸ்’ ஈறு மட்டும் பாலைச் சொல்வதில்லை. நான்காம் வாய்பாட்டில் பெரும்பாலானவை ஆண்பால்தான். ஆனால் பெண்பாலில் ஒரு சிறு கூட்டம் உண்டு: மநுஸ் (கை), த்ரிபுஸ் (குலப்பிரிவு), போர்திகுஸ் (தூண் வரிசை நடை), அகுஸ் (ஊசி), ஸொக்ருஸ் (மாமியார்), நுருஸ் (மருமகள்), அநுஸ் (கிழவி). கடைசிச் சொல்லில் முதலெழுத்தை நெடிலாக்கிவிடாதீர்கள், உடம்பில் வேறு இடத்துக்குப் போய்விடும்.

மாமியார், மருமகள், கிழவி பெண்பால் என்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. கைக்கும் ஊசிக்கும் வீட்டுக்கும் பொருளில் காரணம் கிடையாது. ரோமானியர் வீட்டைப் பெண்ணாக நினைத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் இதே வேரிலிருந்து வந்த கிரேக்க ‘தொமொஸ்’, ரஷ்ய ‘தோம்’ இரண்டும் ஆண்பாலாக இருப்பது ஏன் என்று சொல்ல வேண்டும்.

தமிழில் பால் வினைமுற்றில் தெரியும்: வந்தான், வந்தாள், வந்தது. இலத்தீனில் ‘வெநித்’ என்றால் மூன்றும்தான். அங்கே பால் வெளிப்படுவது பக்கத்தில் நிற்கும் பெயரடையில். ‘தொமுஸ் மெஅ’ (என் வீடு), ‘தொமுஸ் மாக்ந’ (பெரிய வீடு), நீரோவின் ‘தொமுஸ் அவ்ரெஅ’ (பொன் மாளிகை; ரோமாவில் கி.பி. 64 தீவிபத்துக்குப் பின் எழுந்தது). ‘தொமுஸ் மாக்நுஸ்’ என்று எழுதினால் தவறு. ஒலி ஒத்துப்போவதால் தொடக்கத்தில் எல்லார் கையும் அங்கேதான் வழுக்கும்.

இனி வாய்பாடு. நம் எட்டு வேற்றுமை எண்ணையே வைத்துக்கொள்கிறேன்.

ஒருமை:
எழுவாய்: தொமுஸ்
இரண்டாம் (வீட்டை): தொமும்
நான்காம் (வீட்டுக்கு என, கொடைப் பொருளில்): தொமுயீ
ஐந்தாம் (வீட்டிலிருந்து): தொமோ
ஆறாம் (வீட்டின்): தொமூஸ்
ஏழாம் (வீட்டில்): தொமீ
விளி: தொமுஸ்

பன்மை:
எழுவாய்: தொமூஸ்
இரண்டாம்: தொமோஸ் (தொமூஸ் என்றும் வரும்)
நான்காம், ஐந்தாம்: தொமிபுஸ்
ஆறாம்: தொமுஉம், அல்லது தொமோரும்

‘தொமுஉம்’ அளபெடை அல்ல. இரண்டு தனி அசை. ‘தொமோ’, ‘தொமோஸ்’, ‘தொமோரும்’, ‘தொமீ’ நான்கும் இரண்டாம் வாய்பாட்டு வடிவங்கள். மற்றவை நான்காம் வாய்பாடு. பழைய மொழியில் இச்சொல்லுக்கு உகர ஈற்று அடி ஒன்றும் ஒகர ஈற்று அடி ஒன்றும் இருந்தன. இலத்தீன் இரண்டையும் விடாமல் ஒரே சொல்லாகத் தைத்துக்கொண்டது.

ஐரோப்பியப் பள்ளிகளில் இதற்கு ஒரு பழைய நினைவுச் செய்யுள் இருந்தது: ‘தொல்லெ மெ மு மி மிஸ், ஸீ தேக்லீநாரெ தொமுஸ் வீஸ்’. தொமுஸை வேற்றுமைப்படுத்த வேண்டுமானால் மெ, மு, மி, மிஸ் நான்கையும் நீக்கிவிடு என்பது பொருள். அதாவது விளியில் ‘தொமெ’ இல்லை, ஐந்தாமில் ‘தொமூ’ இல்லை, ஆறாமில் ‘தொமீ’ இல்லை, பன்மையில் ‘தொமீஸ்’ இல்லை.

கல்லெழுத்து:

அந்தச் செய்யுளை மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ‘மி’யை நீக்கு என்றால் ‘வீட்டின்’ என்ற பொருளில் நீக்கு என்றுதான் பொருள். ‘வீட்டில்’ என்ற பொருளில் ‘தொமீ’ இச்சொல்லின் மிக அதிகம் புழங்கும் வடிவங்களில் ஒன்று. செய்யுளை நம்பி அதையும் வெட்டி, ‘இன் தொமோ’ என்று எழுதுகிறார்கள்.

ஆறாம் வேற்றுமை எவ்வளவு ஆடியது என்பதற்கு அரச சாட்சியே உண்டு. அகஸ்டஸ் பேரரசர் ‘வீட்டின்’ என்பதற்கு ‘தொமொஸ்’ என்றே எழுதிவந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய சுவெதோனியுஸ் குறித்திருக்கிறார். ஆள்பவர் எழுதினாலும் அது வாய்பாட்டில் ஏறவில்லை.

இன்னொன்று. ‘தொமி’ என்பதைப் பன்மை என்று நினைத்து, ‘பொம்பெயியின் தொமிகள்’ என்பதுபோல எழுதுவது இணையத்தில் உண்டு. பன்மை ‘தொமூஸ்’. ரோமன் எழுத்தில் நெடில் குறி இடாவிட்டால் ஒருமை எழுவாய், ஆறாம் வேற்றுமை, பன்மை எழுவாய், பன்மை இரண்டாம் நான்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பிரிப்பதற்கு நான் சொல்லும் வரிசை இது:

முதலில் வினையைப் பாருங்கள். ஒருமை வினைக்கு வேறு எழுவாய் இல்லாவிட்டால் பெரும்பாலும் இதுவே ஒருமை எழுவாய். வினை பன்மையானால் பன்மை எழுவாயாக இருக்கலாம். இரண்டாவது, ஒட்டி நிற்கும் பெயரடை. ‘மெஅ’ என்றால் ஒருமை எழுவாய். ‘மெஆஸ்’ என்றால் பன்மை இரண்டாம். ‘மெஐ’ என்றால் ஒருமை ஆறாம் அல்லது பன்மை எழுவாய், மறுபடி வினைக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது, பக்கத்தில் சும்மா நிற்கும் இன்னொரு பெயர். ‘பதெர் தொமுஸ்’ என்று வந்தால் அது ‘தொமூஸ்’, வீட்டின் தந்தை. செய்யுளாக இருந்தால் இன்னும் எளிது, பல இடங்களில் சீரே நெடிலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுமுற்றம்:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

இலத்தீனில் ஊர்ப்பெயர்களுக்கு முன்னிடைச்சொல் வேண்டாம். ‘ரோமம்’ என்றால் ரோமாவுக்கு, ‘ரோமா’ என்றால் ரோமாவிலிருந்து, ‘ரோமை’ என்றால் ரோமாவில். இந்தச் சலுகை பெற்ற பொதுப்பெயர்கள் ஒரு கைப்பிடிதான். தொமுஸ் அவற்றில் தலை. அடுத்தது ரூஸ் (நாட்டுப்புறம்). ஆக, தொமுஸ் பாதி பொதுப்பெயர், பாதி ஊர்ப்பெயர்போல நடக்கும்.

தொமும் = வீட்டுக்கு
தொமோ = வீட்டிலிருந்து
தொமீ = வீட்டில்

தமிழ்க்காரருக்கு இது புதிராக இருக்கவே கூடாது. ‘வீடு திரும்பினான்’, ‘வீடு போய்ச் சேர்ந்தாள்’ என்கிறோம், உருபு இல்லை. ‘கடை திரும்பினான்’, ‘ஆஸ்பத்திரி திரும்பினாள்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒப்பாது. ஊர்ப்பெயர் ஒப்பும்: ‘மதுரை திரும்பினான்’. இலத்தீன் எந்த இரண்டைச் சேர்த்து வைத்ததோ அதே இரண்டைத்தான் நாமும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இந்தச் சலுகை எதுவரை செல்லும் என்பதில்தான் பிழைகள்.

உடைமைச் சொல் சேர்ந்தால் சலுகை தொடரும்: ‘தொமும் மெஅம்’ (என் வீட்டுக்கு), ‘தொமீ மெஐ’ (என் வீட்டில்), ‘தொமீ அலியேநை’ (பிறர் வீட்டில்). கவனிக்க: ‘தொமீ மெஈ’ அல்ல. ‘தொமீ’ இரண்டாம் வாய்பாட்டு வடிவமாக இருந்தாலும் அதனோடு நிற்கும் அடை பெண்பால்தான் எடுக்கும். சொல்லின் பால் மறைந்து கிடந்து வெளிவரும் இடம் இது. தேர்வுத்தாளில் இதைத்தான் நோண்டுவார்கள்.

வீட்டுக்காரரின் பெயர் ஆறாம் வேற்றுமையில் வந்தால் இரண்டு வழியும் உண்டு. கி.மு. 63இல், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கதிலீனாவைச் சாடிய முதல் உரையில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ ‘இன் மார்கீ லைகை தொமும்’ என்கிறார். லைகாவின் வீட்டுக்கு, அதாவது இன்ன கட்டடத்துக்குள் நீ போனாய் என்று விரல் நீட்டுகிறார். அங்கே ‘இன்’ வருவது பொருத்தம்.

‘பெரிய’, ‘பழைய’ போன்ற சாதாரண அடை வந்தால் சலுகை முடிந்தது. ‘இன் தொமும் வெதெரெம்’, ‘இன் தொமோ மாக்நா’ என்றுதான் எழுத வேண்டும். தமிழிலும் ‘பழைய வீடு திரும்பினான்’ என்றால் எங்கோ இடிக்கிறது, இல்லையா?

இன்னாரிடத்தில், இன்னார் வீட்டில் என்று சாதாரணமாகச் சொல்ல தொமுஸே வேண்டாம். ‘அபுத் மே’ என்றால் என் வீட்டில். தொடக்கக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ‘தொமீ’ போட்டு நிரப்புகிறார்கள். ரோமானியர் பேச்சில் ‘அபுத்’தான் கையில் முதலில் வருவது.

சீசரின் காலியப் போர்க் குறிப்புகளின் தொடக்கத்தில் இதற்கு நல்ல சான்றுகள் இரண்டு. கி.மு. 58இல் ஹெல்வேதியர் (இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதியில் வாழ்ந்த இனத்தார்) கூண்டோடு குடிபெயர்கிறார்கள். புறப்படுமுன் சுமார் 12 நகரங்களையும் 400 சிற்றூர்களையும் தாங்களே எரித்துவிடுகிறார்கள். காரணத்தைச் சொல்லும்போது ‘தொமும் ரெதிதியோநிஸ் ஸ்பே ஸுப்லாதா’ என்கிறார்: வீடு திரும்பும் நம்பிக்கையை அறுத்துவிட்டு. ‘ரெதிதியோ’ வினையே அல்ல, திரும்பல் என்ற பெயர். அதற்குக்கூட ‘தொமும்’ இடையில் எதுவுமின்றி ஒட்டுகிறது. அடுத்து, ‘தொமோ எக்ஸீரெ’ செய்ய இரண்டே பாதைகள் இருந்தன என்கிறார். இங்கே தொமோ என்பது வீட்டிலிருந்து அல்ல, நாட்டிலிருந்து. வீடுகளைத்தான் எரித்தாயிற்றே.

ஓலைநறுக்கு:

‘வீடு திரும்பல்’ தெளிவாகப் புரிந்தது, நன்றி. ஆனால் விவிலிய இலத்தீனில் ‘வாதெ இன் தொமும் துஅம்’ என்று கண்டேன். உங்கள் விதிப்படி ‘தொமும் துஅம்’ போதுமே. அது பிழையா?

பழைய பூசை:

பிழை அல்ல; வேறு காலம், வேறு நடை. நீங்கள் சொல்வது மத்தேயு 9:6, திமிர்வாதக்காரனிடம் ‘உன் வீட்டுக்குப் போ’ என்ற இடம். கிரேக்க மூலத்தில் முன்னிடைச்சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதைச் சொல்லுக்குச் சொல் பிடித்திருக்கிறது. 121ஆம் சங்கீதத்தில் (இலத்தீன் எண்ணிக்கை, நம் வேதாகமத்தில் 122) ‘இன் தொமும் தொமிநீ ஈபிமுஸ்’, ஆண்டவரின் இல்லத்துக்குப் போவோம் என்பதும் அப்படியே. திருச்சபை இலத்தீன் மட்டும் படித்தவர்கள் சிசரோவைத் திறந்ததும் ‘இன் எங்கே’ என்று தேடுவார்கள். சிசரோவிலிருந்து வருபவர்களுக்கு இங்கே ‘இன்’ கூடுதலாகத் தெரியும்.

வேற்றுமையும் பாலும் ஒரே மூச்சில் பழக ஒரு வாய்மொழி இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வீட்டுக்குள் நுழையும் குரு பழைய சடங்கில் சொல்வது: ‘பாக்ஸ் ஹுயிக் தொமுயீ’, இந்த வீட்டுக்குச் சமாதானம். பதில்: ‘எத் ஒம்நிபுஸ் ஹபிதந்திபுஸ் இன் எஆ’, இதில் வாழும் எல்லாருக்கும். ‘தொமுயீ’ நான்காம் வேற்றுமை. ‘எஆ’ பெண்பால் சுட்டு. வீட்டைக் குறித்து ‘இன் எஓ’ என்று சொன்னால் பால் தப்பிவிடும்.

அதேபோல ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்தும் இடத்தில், ‘தொமுஸ் மெஅ தொமுஸ் ஓராதியோநிஸ்’, என் வீடு செபவீடு. நீங்களோ ‘இல்லம்’ கள்வர் குகையாக்கினீர்கள். இந்த ‘இல்லம்’ இலத்தீன் பெண்பால் சுட்டு, ‘அதை’ என்று பொருள். தமிழ் ‘இல்லம்’ போல ஒலிப்பது தற்செயல். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

இன்னொரு மயக்கம். நற்கருணைக்கு முன் தமிழில் ‘இறைவா, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர’ என்கிறோம். இலத்தீனில் அங்கே தொமுஸ் இல்லை. ‘ஸுப் தேக்தும் மெஉம்’, என் கூரையின் கீழ். ‘தேக்தும்’ நபும்சகம் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால்), அதனால்தான் ‘மெஉம்’.

வேர்ச்சொல்:

தமிழ்ப் பக்கம் உண்மையான உறவு ஒன்று உண்டு, யாரும் இன்னும் தொடவில்லை. தம்பதி.

தொமுஸின் இந்தோ-ஐரோப்பிய வேர் ‘தொம்’, ‘தெம்’. சமஸ்கிருதத்தில் இது ‘தம்’, ‘தம’. இருக்கு வேதத்தின் முதல் பாடலிலேயே அக்கினி ‘ஸ்வே தமே’, தன் வீட்டில், வளர்கிறான் என்று வருகிறது. வீட்டின் தலைவன் ‘தம்பதி’. இருமையில் (இருவரைக் குறிக்கும் எண்) ‘தம்பதீ’ என்றால் கணவனும் மனைவியும். நம் கல்யாணப் பத்திரிகைத் தம்பதி அங்கிருந்து வந்தவர். கிரேக்கத்தில் இதே இரண்டு உறுப்பும் சேர்ந்து ‘தெஸ்பொதேஸ்’ ஆயிற்று. தலைவன், பிறகு எதேச்சாதிகாரி. ஒரே சொல், ஓரிடத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறது, இன்னோரிடத்தில் சாட்டையோடு.

இலத்தீன் தன் வீட்டுத் தலைவனுக்கு வேறு வழியில் போயிற்று: தொமுஸிலிருந்து ‘தொமிநுஸ்’, பெண்பால் ‘தொமிந’. தொமிகிலிஉம் (குடியிருப்பு), தொமெஸ்திகுஸ் (வீட்டைச் சேர்ந்த) எல்லாம் இதன் பிள்ளைகள். மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள் என நாம் செய்ததும் இதே வேலை.

ஓலைநறுக்கு:

தம்பதி என்பது ‘தம் + பதி’, தம்முடைய இடம் என்று தமிழாகவே பிரிக்கலாமே?

வேர்ச்சொல்:

பிரிக்கலாம், பொருள் கூடாது. ‘தம் இடம்’ என்பது எப்படி இரண்டு ஆட்களைக் குறிக்கும்? சமஸ்கிருதத்தில் இருமை வடிவம் இருப்பதால்தான் ‘வீட்டுத் தலைவர் இருவர்’ என்பது கணவன் மனைவி ஆகிறது. வேதத்தில் ஒருமையில் வீட்டுத் தலைவன் என்ற பொருளும் தனியாகவே கிடைக்கிறது. பதி என்பதற்கு ஊர் என்ற பொருள் தமிழில் இருப்பது உண்மைதான். அது இந்தத் தொடரில் இல்லை.

நடுமுற்றம்:

பொருள் எல்லையையும் சொல்லிவிடலாம். அகராதியில் ‘வீடு’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

கட்டடமாக: தொமுஸ் நகரத்தில் ஒரு குடும்பம் தனியாக வாழும் வீடு, முற்றம், வரவேற்பறை, உணவறை எல்லாம் உள்ளே. ஊருக்கு வெளியே தோட்டத்தோடு இருப்பது வில்ல. மாடிமேல் மாடியாகக் குடித்தனங்களை அடுக்கிய கட்டடம் இன்ஸுல. சொல்லுக்குத் தீவு என்று பொருள். குடிசை கஸ. நான்காம் நூற்றாண்டு ரோமாவின் வட்டாரப் பட்டியல்களில் தொமுஸ் சுமார் 1,800, இன்ஸுல 40,000-க்கும் மேல். இன்ஸுல என்று எதை எண்ணினார்கள், முழுக் கட்டடத்தையா ஒரு குடித்தனத்தையா என்பதில் அறிஞர் சண்டை ஓயவில்லை. ஆனால் தொமுஸ் யாருக்கு வாய்த்தது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. ஆகவே ரோமானிய ஏழை ஒருவனின் குடியிருப்பைக் கதையில் வருணிக்கும்போது ‘அவனுடைய தொமுஸ்’ என்று கட்டடப் பொருளில் எழுதாதீர்கள். ‘தொமீ’, வீட்டில் இருந்தான், என்றால் தவறில்லை. அது யாருக்கும் பொது.

ஐதேஸ் இன்னொரு கண்ணி: ஒருமையில் கோயில், பன்மையில் வீடு.

குடும்பமாக: கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாவில் க்லவ்திய என்ற பெண்ணின் கல்லறையில் கடைசி வரி ‘தொமும் ஸெர்வாவித். லாநம் ஃபேகித். தீக்ஸீ. அபெய்.’ மனை காத்தாள். கம்பளி நூற்றாள். சொல்லிவிட்டேன். போ. இங்கே காத்தது சுவரை அல்ல. அரச குடும்பத்துக்கு ‘தொமுஸ் அவ்குஸ்த’. கவிஞர் ஹொராஸ் சாக்ரடீஸின் சீடர் மரபைக்கூட ‘ஸோக்ரதிகம் தொமும்’ என்கிறார். நாம் இந்துஸ்தானி இசையில் இன்ன கராநா (குரு சீட மரபு) என்பதுபோல. ‘கராநா’வும் வீடுதானே.

நாடாக: ‘தொமீ மீலிதியைக்வெ’, ஊரிலும் போர்க்களத்திலும். சமாதான காலத்திலும் போர்க்காலத்திலும் என்றே பெரும்பாலும் பெயர்க்க வேண்டும்.

கைவசமாக: ரோமானிய நாடகப் பேச்சில் ‘தொமீ ஹபெஓ’ என்றால் என்னிடமே இருக்கிறது, வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை என்று பொருள். தமிழில் ‘வீட்டிலேயே கிடக்கு’ என்போமே, அதேதான். வீட்டுக்குள் தேடினால் வசனம் கெட்டுவிடும்.

பிற்காலத்தில் ஒரு விசித்திரம். பேச்சில் குடிசைச் சொல் வென்றது. இத்தாலியருக்கும் ஸ்பானியருக்கும் வீடு ‘காசா’. தொமுஸ் சார்டீனியாவில் மட்டும் ‘தோமு’ என்று சாதாரண வீடாக உயிரோடு இருக்கிறது. மற்ற இடங்களில் கடவுளின் வீடாகத் தப்பியது: இத்தாலிய ‘துவோமோ’, ஜெர்மன் ‘டோம்’, பேராலயம். துவோமோ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘டோம்’ ஆகி, கவிகை மாடமாயிற்று. எனவே ‘தொமுஸ் என்றால் குவிமாடம்’ என்ற விளக்கம் தலைகீழ்.

சட்டத்தரணி:

சட்ட மாணவர்கள் இச்சொல்லைச் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: ‘தொமுஸ் ஸுஅ குயிக்வெ எஸ்த் தூதிஸ்ஸிமும் ரெஃபுகிஉம்’. அவரவர் வீடு அவரவர்க்கு மிகப் பாதுகாப்பான புகலிடம். 1604ஆம் ஆண்டு ஸெமேன் வழக்கின் அறிக்கையில் ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எடுத்தாண்டது. ‘வீடு அவனவன் கோட்டை’ என்ற ஆங்கிலச் சட்ட வழக்கோடு சேர்ந்தே வருவது. கரு ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸினுடையது, பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் கிடைக்கிறது. அங்கே பேச்சு சோதனை போடுவதைப் பற்றியே இல்லை. ஒருவரை அவருடைய வீட்டிலிருந்து வழக்குமன்றத்துக்கு இழுக்கலாகாது என்பது.

இலக்கணத்தில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ‘தூதிஸ்ஸிமும்’ நபும்சகம், அது ‘ரெஃபுகிஉம்’ என்பதன் அடை, தொமுஸின் அடை அல்ல. பெண்பாலுக்குத் திருத்துகிறேன் என்று ‘தூதிஸ்ஸிம ரெஃபுகிஉம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்து ‘ஸுஅ’. தன் என்ற சொல் எழுவாயைத்தான் சுட்டும் என்பது பொதுவிதி. இங்கே எழுவாய் வீடு. ஆனால் ‘தன்’ சுட்டுவது ‘குயிக்வெ’, ஒவ்வொருவருக்கும், என்ற சொல்லை. ‘குயிஸ்க்வெ’ குடும்பத்தோடு சேரும்போது இலத்தீனில் இது வழக்கமான விலக்கு.

காயுஸின் வாக்கியத்தில் ‘தே தொமோ ஸுஆ’ என்று வருகிறது. ‘தே’ இல்லாமல் ‘தொமோ ஸுஆ’ என்றாலும் இலக்கணம் தாங்கும். சிசரோ கி.மு. 57இல் தன் வீட்டுமனையை மீட்கக் குருமார் அவையில் ஆற்றிய உரையின் தலைப்பும் ‘தே தொமோ ஸுஆ’தான், ஆனால் அங்கே ‘தே’ என்றால் ‘பற்றி’. வடிவம் ஒன்று, பொருள் இரண்டு.

கல்லெழுத்து:

கல்வெட்டு வாசிப்பவர்களுக்குச் சுருக்கக் குறிகளில் எச்சரிக்கை.

ஜெர்மானிய, காலிய மாகாணங்களின் காணிக்கைக் கற்களின் தலைப்பில் ‘இன்·ஹ·த·த’ என்று வெட்டியிருந்தால் ‘இன் ஹொநோரெம் தொமூஸ் தீவீநை’: தெய்விக இல்லத்தின், அதாவது பேரரசர் குடும்பத்தின் பெருமைக்காக. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவுகிறது. ‘தொமூஸ்’ ஆறாம் வேற்றுமை, ‘தீவீநை’ பெண்பால். ஆனால் அதே ‘த·த’ கல்லின் அடியில் வந்தால் பெரும்பாலும் வேறு: நகர மன்றத்தின் தீர்மானப்படி, அல்லது காணிக்கையாகக் கொடுத்தான். தலைப்பில் உள்ளதை அடியிலும் விரித்தால் பேரரசர் குடும்பம் தேவையில்லாமல் இரண்டு முறை வந்துவிடும்.

படைவீரர் கற்களில் ‘தொமோ’ என்று போட்டு ஓர் ஊர்ப்பெயர் தொடரும். ‘வீட்டிலிருந்து’ என்று பெயர்க்காதீர்கள்; ‘சொந்த ஊர் இன்னது’.

பழைய கத்தோலிக்க ஆலய முகப்பில் மூன்று எழுத்து, இடையில் புள்ளியோடு, ‘த·ஓ·ம’ என்று இருந்தால் அது தொமுஸின் சுருக்கம் அல்ல. ‘தெஓ ஒப்திமோ மாக்ஸிமோ’, நன்மை மிக்க, உயர்வு மிக்க இறைவனுக்கு.

வாய்பாடு:

பெயர்ப்பலகைக் கேள்வி விடுபட்டுவிட்டது. ‘துல்கெ தொமுஸ்’ தவறு. ‘துல்கெ’ நபும்சகம், பெண்பாலுக்கு ‘துல்கிஸ்’. ‘தொமுஸ் துல்கிஸ்’ என்றால் சரி. குழப்பத்தின் ஊற்று, வின்செஸ்டர் கல்லூரியின் பழைய பள்ளிப் பாட்டில் வரும் ‘துல்கெ தொமும்’. அங்கே ‘தொமும்’ வீடு என்ற பெயராக நிற்கவில்லை, ‘வீட்டுக்கு!’ என்ற கூவல் இனிது என்று, சொல்லையே ஒரு பொருளாக எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்கமான விளக்கம். மேற்கோளாக நிற்கும் சொல் நபும்சகம் என்பது இலத்தீன் வழக்கம். அதை ‘தொமுஸ்’ என்று மாற்றியதும் அந்தச் சமாதானம் செல்லாது.

ஓலைநறுக்கு:

அப்படியானால் ‘தொமுஸ் ஐதெர்ந’, நிலையான வீடு, வைக்கலாமா? பால் சரிதானே?

கல்லெழுத்து:

பால் சரி. ஆனால் ரோமானியர் அதைக் கல்லறைமேல் வெட்டினார்கள். ‘தொமுஸ் ஐதெர்ந’ என்றால் சமாதி. கிரகப்பிரவேசத்துக்கு வேண்டாம்.

‘தொமுஸ் நொஸ்த்ர’ (எங்கள் வீடு), ‘தொமுஸ் பாகிஸ்’ (அமைதியின் வீடு), ‘தொமுஸ் லைதிதியை’ (மகிழ்ச்சியின் வீடு) மூன்றிலும் குற்றமில்லை. பின்னிரண்டில் அடுத்து வருவது ஆறாம் வேற்றுமைப் பெயர் என்பதால் பால் பொருத்தம் பார்க்கவே வேண்டாம். சந்தேகம் உள்ளவர்களுக்கு அதுவே பத்திரம்.

ஓலைநறுக்கு:

‘தொமுஸ் பாகிஸ்’ வைத்துக்கொள்கிறேன். ரோமன் பெரிய எழுத்தில் கல்லில் வெட்டுவதாக இருந்தால்?

கல்லெழுத்து:

பழங்கற்களில் உகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரே எழுத்துதான், கீழே கூராக முடியும் கூம்பு வடிவம். பழைய தோற்றம் வேண்டுமானால் அதையே வெட்டச் சொல்லுங்கள். அடி வளைந்த புது எழுத்தை வெட்டினாலும் பிழை கிடையாது. இரு சொல்லுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் எழுத்தின் பாதி உயரத்தில் ஒரு புள்ளி வரும். அடிக்கோட்டில் வைத்தால் முற்றுப்புள்ளியாகிவிடும். கடைசிச் சொல்லுக்குப் பிறகு புள்ளி வேண்டாம். வெட்டுமுன் காகிதத்தில் அச்செடுத்து எழுத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: ஐந்து, புள்ளி, ஐந்து.